நாலு அறை விடுதிக்குக் காப்பி வறுக்கும் கணக்கு

விடுதி நடத்துகிற யாராவது "நாமும் சொந்தமாகக் காப்பி வறுத்துக் கொடுக்கலாமா அக்கா?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களிடம் எத்தனை அறை? என்ன கொட்டை, என்ன அடுப்பு, கிலோ என்ன விலை என்பதெல்லாம் அதற்கு அப்புறம். அறைக் கணக்கை விட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால், மிஞ்சின பழைய தூளை யார் தலையில் கட்டுவது என்று முழிக்க வேண்டிவரும்.

எங்களுடையது ஏற்காட்டில் நாலே நாலு அறை. வெள்ளி, சனி இரவுகளில் நிறையும். மற்ற நாளில் பாதி நிறைந்தாலே நல்ல வாரம். அறைக்கு இரண்டு பேர், ஆளுக்குக் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று வைத்தால் நிறைந்த நாளில் பதினாறு டம்ளர். டம்ளருக்கு எட்டு கிராம் தூள் பிடிக்கும். நிறைந்த நாளுக்கு 128 கிராம், பாதி நாளுக்கு 64, வாரத்துக்கு 576. எங்கள் அடுக்களைத் தூளில் நூற்றுக்குப் பதினைந்து சிக்கரி, அதைக் கழித்தால் சுத்தக் காப்பி 490 கிராம். ஊருக்குக் கிளம்பும்போது வாங்கிப் போகிறவர்களுக்கு வாரத்துக்கு ஐந்து 200 கிராம் பொட்டலம், அது ஒரு கிலோ. ஆக மொத்தம் ஒன்றரைக் கிலோ வறுத்த கொட்டை. வறுக்கும்போது எடை நூற்றுக்குப் பதினாறு குறையும் என்பதால், பச்சைக் கொட்டையாக 1.8 கிலோ வேண்டும். 450 கிராம் வீதம் நாலு ஈடு. ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

உங்கள் அறை எண்ணிக்கையைப் போட்டு இதே கணக்கை எழுதிப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு கிலோவுக்கு மேல் வந்தால் அடுப்பு மேல் வைத்துக் கையால் சுற்றி வறுக்கிற உருளையை மறந்துவிடுங்கள், மோட்டார் வைத்தது வேண்டும். ஒரு கிலோவுக்குள் அடங்கினால் உருளைகூட வேண்டாம், அடி கனத்த இரும்பு வாணலியும் ஓயாத கையும் போதும்.

கொட்டை

இந்த மலைக்குக் காப்பிச் செடி வந்து இருநூறு ஆண்டு ஆகிறது. 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. விருந்தினர் கட்டாயம் கேட்பார்கள், அதனால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இங்கே விளைவது பெரும்பாலும் அரபிக்கா. சில்வர் ஓக் நிழலில், அந்த மரத்திலேயே மிளகுக் கொடி ஏறியிருக்க, கீழே காப்பி நிற்கும். நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை பழம் எடுப்பார்கள். அக்கம்பக்கத்துச் சிறு தோட்டக்காரரிடம் நேரடியாக வாங்க ஏற்ற காலம் மார்ச். கொட்டை காய்ந்து, கொஞ்சம் ஆறியும் இருக்கும்.

வாங்கும்போது இரண்டு பெயர் காதில் விழும். பழத்தோலைப் பல்ப்பர் என்கிற தோல் நீக்கும் மிஷினில் நீக்கி, ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தது பிளான்டேஷன். பழத்தோடு அப்படியே களத்தில் காயவைத்தது செரி. விடுதிக்கு நான் பிளான்டேஷனைத்தான் சொல்வேன். செரியில் நல்ல இனிப்பு கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் காயப்போட்டவர் ஒரு மழை நாளில் அசந்திருந்தால் மூட்டை முழுக்கப் பூஞ்சை வாடை வந்துவிடும். நமக்கு வாராவாரம் ஒரே ருசி வேண்டும். போன வருஷம் வந்த குடும்பம் இந்த வருஷமும் வந்து "அதே காப்பி" என்று சொல்ல வேண்டும்.

அளவைப் பொறுத்து ஏ, பி, சி என்றெல்லாம் பிரிப்பார்கள். பெரிய கொட்டை என்றால் நல்ல ருசி என்று அர்த்தமில்லை. சமமான கொட்டை என்றால் சமமாக வறுபடும், அவ்வளவுதான். கை உருளைக்கு ஏற்றது பீபெரி. பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதிலாக ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. உருண்டை என்பதால் உருளைக்குள் நன்றாக உருண்டு, ஒரு பக்கம் கருகாமல் வறுபடும். விலை கொஞ்சம் கூடுதல். சென்னை, கும்பகோணம் பக்கத்து விருந்தினருக்குப் பெயரைக் கேட்டாலே முகம் மலரும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டக்காரரிடம் இருப்பது சில சமயம் பார்ச்மென்டாக, அதாவது வெளிர் மஞ்சள் ஓட்டோடு இருக்கும். அந்த ஓட்டை நீக்கித்தான் வறுக்க முடியும். உரிக்கும் மிஷின் யாரிடம் இருக்கிறது என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். உரித்த கொட்டை லேசாக நீலம் ஓடிய பச்சையாக இருக்க வேண்டும். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். பல் பதிந்தால் ஈரம் மிச்சம் இருக்கிறது. தட்டென்று எதிர்த்தால் சரியான காய்ச்சல். மிஷினில் அளந்தால் ஈரம் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதத்துக்குள் காட்டும். அப்புறம் கையை மூட்டைக்குள் முழங்கைவரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர வேண்டும். சாக்கு வாடை, மண் வாடை அடித்தால் வேண்டாம், தோட்டக்காரர் சொந்தக்காரராகவே இருந்தாலும்.

வாங்கியதைச் சிமென்ட் தரையில் வைக்காதீர்கள். பலகை மேல், கனமான பிளாஸ்டிக் உறைக்குள், அதற்கு வெளியே சாக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர் இது. திறந்து வைத்த கொட்டை ஈரத்தை இழுத்து வெளுத்துப் போகும். மிளகு, பூண்டு இருக்கிற அறையும் ஆகாது.

பொறுக்கல்

எல்லாரும் தாண்டிப் போகிற வேலை இதுதான். வெள்ளைத் தாம்பாளத்தில் ஒரு கை பரப்பி, கறுத்தது, உடைந்தது, குண்டூசித் துளை விழுந்தது, நெல், கல், எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒரு கிலோவில் நாற்பது கிராம் போகும். துளை விழுந்தது பூச்சி வேலை. கறுத்தது இரண்டு மூன்று சேர்ந்தாலே ஒரு ஈடு முழுக்கக் கசப்பு ஏறும். நான் இதைச் செய்வது செவ்வாய் மாலை, டிவி முன்னால் உட்கார்ந்து. எங்கள் அறைகளை ஒழுங்குபடுத்தும் தங்கைக்கு என்னைவிடக் கண் கூர்மை. அவள் பொறுக்கிய தாம்பாளத்தில் நான் மறுபடி கை வைப்பதில்லை.

உருளையும் இடமும்

என்னிடம் இருப்பது மாமியார் காலத்து இரும்பு உருளை, ஒரு கிலோ கொள்ளளவு. அப்போதெல்லாம் தோட்டக்காரர் விளைச்சலைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில்தான் சேர்க்க வேண்டும், 1990களின் நடுப்பகுதிவரை அதுதான் நடைமுறை. வீட்டுக்கென்று எடுத்து வைத்ததை இந்த மாதிரி உருளையில் கரியடுப்பு மேல் வைத்துச் சுற்றுவார்கள். இப்போது நான் கரியை விட்டுவிட்டு கேஸ் பர்னருக்கு மாறிவிட்டேன். தணலைக் கூட்டிக் குறைக்கக் கரியில் நேரமாகும்; வறுவலில் முக்கியமான நேரம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். விற்பனைக்கு என்று வறுத்தால் வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

வாங்குகிறவர்கள் கொள்ளளவில் பாதிக்கு மேல் நிரப்பாத மாதிரி உருளையைத் தேர்ந்தெடுங்கள். கொட்டை வறுபட வறுபட ஒன்றரை மடங்குக்கு மேல் உப்பும். மற்ற சாமான்கள்: கிராம் காட்டும் தராசு, நேரம் பார்க்க ஃபோன், கனமான கையுறை, பெரிய கம்பிச் சல்லடை, மேசை ஃபேன், முறம். சுவரில் தீயணைப்பான் ஒன்று. கொட்டையிலிருந்து உரிந்த காய்ந்த தோல் உருளைக்குள் சேர்ந்து பற்றிக்கொள்வது நடக்கக்கூடியதுதான். அப்படிப் பற்றினால் உருளையின் மூடியைத் திறக்காமல் அடுப்பை அணைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டே இருங்கள், காற்றில்லாமல் அடங்கிவிடும். வறுவல் நடக்கும்போது அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, வாசலில் எந்தக் கார் வந்து நின்றாலும்.

காப்பி வறுக்கிற வாசனை விருந்தினரை மயக்கும் என்று நினைத்து முன் வாசலில் கடை விரிக்காதீர்கள். முதலில் வருவது ஈர வைக்கோல் வாடை, அடுத்து ரொட்டி வாட்டுகிற வாடை, கடைசியில் கண் எரிகிற புகை. மயக்குகிற வாசனை அரைக்கும்போதுதான் வரும். ஆகவே வறுவல் பின்கட்டில், காலையில் கிளம்புகிறவர்கள் பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ததும், புதியவர்கள் வருவதற்கு முன்னால். அன்று துவைத்த படுக்கை விரிப்புகள் கொடியில் இருக்கவே கூடாது. மலைக்காற்று பர்னர் தீயைத் தள்ளிக்கொண்டே இருக்கும், மூன்று பக்கம் தகரம் வைத்து மறையுங்கள். கூரை தகரமாக இருந்து மழையும் பிடித்துக்கொண்டால் வறுவலை அடுத்த நாளைக்குத் தள்ளிவிடுங்கள். வெடிப்புச் சத்தம் காதில் விழாது. காதில்லாமல் இந்த வேலை இல்லை.

வறுவல்

காலி உருளையை நடுத்தரத் தீயில் ஐந்து நிமிஷம் சூடேற்றுங்கள். 450 கிராம் கொட்டையைப் போட்டு மூடி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, நிமிஷத்துக்கு ஐம்பது சுற்றுப் போலச் சுற்றுங்கள். ரொம்ப வேகமாகச் சுற்றினால் கொட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டே வரும், புரளாது. சலசலவென்று விழுகிற சத்தம் சீராகக் கேட்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிஷம் ஈரம் போகிற நேரம், தீ தாராளமாக இருக்கலாம். பச்சை மங்கி, வெளுத்து, மஞ்சளாகும். மஞ்சள் ஆனதும் தீயைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். இதற்கப்புறம் நிறம் ஏறுவது வேகமெடுக்கும், மெல்லிய தோல் உரிந்து பறக்க ஆரம்பிக்கும். பத்தாவது, பதினோராவது நிமிஷத்தில் முதல் வெடிப்பு: சடக், கொஞ்ச நேரம் கழித்து சடக் சடக், அப்புறம் கூட்டமாக. கொட்டைக்குள் இருக்கிற நீராவி பிளந்துகொண்டு வெளியேறுகிற சத்தம் அது. கொட்டையின் சூடு அப்போது 200 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். கூட்டமாக வெடிக்க ஆரம்பித்ததும் தீயைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். கொட்டை தானே சூட்டைக் கக்குகிற கட்டம். தீயை அப்படியே விட்டால் கையை மீறிப் போய்விடும்.

வெடிப்பு ஓய்ந்து ஓர் அமைதி வரும். எங்கே நிறுத்துவது என்பது இந்த அமைதியில்தான் முடிவாகும். பால் சேர்க்காமல் குடிக்கிறவர்களுக்கு என்றால் வெடிப்பு ஓயும்போதே இறக்கலாம்; பழப் புளிப்பு நிற்கும். நம் ஃபில்டர் காப்பிக்கு அது போதாது. பாலோடு சேர்ந்தால் அந்தப் புளிப்பு அரைகுறையாகத் தெரியும். அமைதியில் ஒன்றரை, இரண்டு நிமிஷம் சுற்றிக்கொண்டே, நீளக் கரண்டியால் இரண்டு கொட்டை எடுத்துப் பாருங்கள். சுருக்கம் நீங்கி வழவழப்பாக, எண்ணெய் கசியாமல், கருகிய செங்கல் நிறத்தில் இருந்தால் தயாராகுங்கள். இரண்டாவது வெடிப்பு முதலாவதைவிட மெல்லிசு, வேகம் கூட, தாளிப்புக் கடுகு மாதிரி. அதில் முதல் இரண்டு மூன்று கேட்ட அந்தக் கணமே தீயை அணைத்துக் கொட்டிவிடுகிறேன். பதின்மூன்று, பதினான்கு நிமிஷத்தில் முடியும். இதைத் தாண்டி விட்டால் எண்ணெய் மேலே வந்து பளபளக்கும். பார்க்க அழகு, குடித்தால் கரிச் சுவை; பத்து நாளில் சிக்கும் அடிக்கும்.

லேசர் வெப்பமானியைக் காட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது காட்டுவது உருளையின் சூடு, கொட்டையின் சூடு அல்ல.

இறக்கியதும் ஆற வைப்பதில் சோம்பல் கூடாது. உள்ளே இருக்கிற சூட்டில் கொட்டை தொடர்ந்து வறுபட்டுக்கொண்டே இருக்கும். சல்லடையில் பரப்பி, ஃபேன் காற்றில் கிளறிக்கொண்டே நாலு நிமிஷத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் தெளிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆறியதும் முறத்தில் போட்டுப் புடைத்தால் தோலெல்லாம் பறந்துவிடும். அதை ரோஜாத் தொட்டிகளுக்குப் போடலாம். புடைக்கும்போதே வெளுத்த கொட்டை சில கண்ணில் படும், பழுக்காமல் பறித்த பழத்தின் கொட்டை அது. எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது, அரைத்தால் நிலக்கடலைத் தோல் ருசி. எடுத்துவிடுங்கள்.

கடைசியில் எடை. 450 போட்டது 378 வந்தால் நான் சொன்ன பதினாறு சதவீதம். 390 வந்தால் வறுவல் இளசு, 365 வந்தால் முற்றிவிட்டது. கண்ணும் மூக்கும் அன்றைய மனநிலைக்குத் தக்கபடி பொய் சொல்லும், தராசு சொல்லாது. தேதி, போட்ட எடை, முதல் வெடிப்பு நேரம், இறக்கிய நேரம், வந்த எடை என்று ஐந்தே ஐந்து பத்தி போட்ட நோட்டு ஒன்று அடுப்புப் பக்கத்தில் தொங்கட்டும்.

அரைப்பு, சிக்கரி, டிகாஷன்

வறுத்த அன்றே அரைக்காதீர்கள். கொட்டைக்குள் இருக்கிற கரியமில வாயு வெளியேற வேண்டும். புதன்கிழமை வறுத்தது வெள்ளிக்கிழமை மாலை விருந்தினருக்கு, இதுதான் எங்கள் வாரம். முதல் நாள் டப்பா மூடியைத் தளர்வாக வையுங்கள். அப்புறம் இறுக்கி மூடினால் கொட்டையாக மூன்று வாரம் நிற்கும். தூளாக்கினால் ஒரு வாரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கரியை வறுத்ததாகவே வாங்கிவிடுவது நல்லது. அந்தக் கிழங்கை வீட்டில் வறுக்கிற புகைக்கும் பிசுபிசுப்புக்கும் அது தரும் லாபம் ஈடாகாது. பதினைந்து சதவீதம் சேர்த்தால் டிகாஷன் மெதுவாக இறங்கும், நிறமும் கனமும் வரும். முப்பதுக்கு மேல் போனால் நீங்கள் இவ்வளவு பொறுக்கி வறுத்த கொட்டை எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

மலையில் விடுதி நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், தண்ணீர் இங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கொதித்த உடனே ஃபில்டரில் ஊற்றுங்கள், தூளும் ஒரு சுற்று நைஸாக இருக்கட்டும். அதே தூளை வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போய், 100 டிகிரியில் துள்ளுகிற தண்ணீரை ஊற்றிவிட்டு "இங்கே கசக்கிறதே" என்று ஃபோன் செய்வார்கள். பொட்டலம் கொடுக்கும்போதே, கொதித்து ஒரு நிமிஷம் கழித்து ஊற்றச் சொல்லிவிடுங்கள்.

விற்பது

அறையில் விலைப்பட்டியல் ஒட்டாதீர்கள். காலைக் காப்பி நன்றாக இருந்தால் இரண்டாவது நாள் அவர்களே கேட்பார்கள். கேட்டவர்களுக்கு முன்னால், மேசையில் திருகி மாட்டிய கை மிஷினில் அரைத்துக் கொடுக்கிறேன். வீட்டில் எதில் போடுவார்கள் என்று கேட்டு அரைக்க வேண்டும். பித்தளை ஃபில்டருக்கு ஒரு மாதிரி, பெங்களூர்ப் பிள்ளைகள் வைத்திருக்கிற, தூளை ஊறவைத்து அழுத்தி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ் ஜாடிக்கு ரவை மாதிரி. கொட்டையாகவே கேட்பவர்களும் இப்போது அதிகம்.

விலை இப்படிப் போடுங்கள். பச்சைக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பொறுக்கலில் 40 கிராம் போய் மீதி 960. வறுத்தால் 806 கிராம். ஆக வறுத்த கொட்டை கிலோ 620 ரூபாய், 200 கிராமுக்கு 124. இதன்மேல் உள்ளே சேரும் வாயு வெளியேற வால்வு வைத்த உறை, லேபிள், கேஸ், பொறுக்கிய ஆளின் கூலி. உங்கள் கூலியையும் சேருங்கள், வீட்டு ஆள்தானே என்று விடாதீர்கள். 500 ரூபாய்க்கு வாங்கியதை 500 ரூபாய் அடக்கம் என்றே எண்ணிக்கொண்டு விற்கிறவர்கள் இந்த மலையிலேயே இருக்கிறார்கள்.

காகித வேலையும் உண்டு. சாப்பாடு போடுகிற விடுதி என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு ஏற்கெனவே இருக்கும்; அதில் காப்பி வறுத்துப் பொட்டலமிடுவதையும் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். பொட்டலம் போட்டு விற்க எடையளவுச் சட்டத்தில் தனிப் பதிவு, தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை. லேபிளில் பெயர், முகவரி, பதிவு எண், நிகர எடை, பொட்டலமிட்ட தேதி, எதுவரை நன்றாக இருக்கும், அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். சிக்கரி கலந்து விற்றால் காப்பி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று அச்சிட்டாக வேண்டும். காப்பி 51 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. எனக்கு இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் விற்கிற பொட்டலம் எல்லாம் சுத்தக் காப்பி. சிக்கரி அடுக்களையோடு சரி.

மே மாதம் கோடை விழா நேரத்தில் அறைகள் எல்லா நாளும் நிறையும், அப்போது வாரத்துக்கு இரண்டு மதியம் வறுக்கிறேன். ஜூலையில் சில வாரம் வறுப்பதே இல்லை. டவுனில் ஒரு கடைக்காரர் வாரம் பத்து கிலோ கேட்டார், அதுவும் கடனுக்கு. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கூரியரில் அனுப்பச் சொல்பவர்களுக்கு, அந்த வாரம் அறைகள் காலியாகக் கிடந்து கொட்டை மிஞ்சியிருந்தால் மட்டும் அனுப்புகிறேன். கூரியர் செலவு அவர்களுடையது, பணம் முன்கூட்டியே.